படிக்காமல் டைப் அடித்த கதை

கண்ணாடிக்கடை அக்காவுக்கு முதல் அதிர்ச்சி பார்சலைப் பிரித்தபோதே வந்தது. அவள் எழுதிய முதல் நாவல், அட்டையில் கொட்டை எழுத்தில் அவள் பெயர், பெயருக்கு மேலே மீசையை முறுக்கிக்கொண்டு ஒருவன். அவள் கதாநாயகனோ மழமழவென்று ஷேவ் செய்த பைலட். முந்நூறு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட அவனுக்கு மீசை முளைக்கவில்லை. பதறிப்போய்ப் பதிப்பாளருக்குப் போன் போட்டாள்.

"மீசை வெச்சாத்தாம்மா காதல் கதைன்னு தெரியும். இல்லேன்னா சமையல் புக்குன்னு நினைச்சுடுவாங்க" என்றார் அவர்.

போனை வைத்துவிட்டு அந்த மீசையைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தாள். புத்தகம் வந்த சந்தோஷத்தில் பாதியை மீசை தின்றுவிட்டது. மீதிப் பாதியைத் தின்ன வேறொன்று காத்திருந்தது அப்போது அவளுக்குத் தெரியாது.

ஐம்பதைத் தாண்டியவள் அவள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்கும் கடையில் வேலை. கண்ணாடி பிரேமைச் சூடு காட்டி வளைத்து, வந்தவர் காதில் மாட்டி, "பின்னாடி உறுத்துதாங்க? மூக்குல அழுத்துதா?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பாள். மனுஷர்களை இத்தனை கிட்டத்தில் பார்க்கிற வேலை இன்னொன்று இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, நாவலில் யார் தலைகாட்டினாலும் முதலில் மூக்கைத்தான் வர்ணிப்பாள். பைலட்டின் மூக்குக்கு மட்டும் ஒரு பக்கம் முழுசாகப் போயிற்று.

அவள் வீட்டுக்காரர் நகராட்சி ஆபீசுக்குப் பின்தெருவில் டைப்பிங் கடை வைத்திருக்கிறார். மனு, ஆராய்ச்சிக் கட்டுரை, விவாகரத்து வழக்கு, வேலைக்கான விண்ணப்பம் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பார். வேகத்தில் அவரை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆளில்லை. அந்த வேகத்தின் ரகசியத்தை அவரே எல்லாரிடமும் சொல்லுவார். "படிக்கக் கூடாது. அவ்வளவுதான். படிச்சா விரல் தடுமாறும். அடுத்தவங்க விஷயம் கண் வழியா வந்து கை வழியாப் போயிடணும், நடுவுல தங்கவே கூடாது." இதனாலேயே ஊரில் பாதிப் பேர் தங்கள் குடும்ப வழக்குகளை நம்பி அவர் கையில் கொடுத்தார்கள். அக்காவும் இதை வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லுவாள். "எங்க வீட்டுக்காரர் வாயில இருந்து ஒரு விஷயம் வெளிய வராதுங்க. அவருக்கே தெரியாதே, எப்படி வரும்?" என்று சிரிப்பாள்.

நாவலையும் அவர்தான் அடித்துக் கொடுத்தார். அவர் கடையில் வீணான தாள்களின் வெற்றுப் பக்கத்தில் அவள் சாயங்காலங்களில் எழுதுவாள். நாலைந்து தாள் சேர்ந்ததும் அவர் பையில் வைத்து அனுப்புவாள். அவர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவார். ஒரு வருஷத்துக்கு மேல் இது நடந்தது.

இப்போது அந்த நாவலில் இருக்கிற மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கதாநாயகி ஒரு டீச்சர். பைலட்டைச் சந்திக்கும் முன்பே அவளுக்கு ஒரு மாப்பிள்ளை நிச்சயமாகியிருக்கிறது. நல்லவன். குடிப்பதில்லை, கத்துவதில்லை. ஆனால் அவள் எதைச் சொன்னாலும் அவன் காதில் ஏறாது. ஒரு நாள் அவள் டாக்டரிடம் போய்விட்டு வருகிறாள். மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, அறுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறாள். அவன் மேஜைமேல் எதையோ துழாவிக்கொண்டே, "ம்... சரி, கடை சாவி எங்க வெச்சே?" என்கிறான். அவள் சாவியை எடுத்துக் கொடுக்கிறாள். கூடவே மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

இதில் மோதிரம் மட்டும்தான் கற்பனை. மற்றதெல்லாம் பல வருஷங்களுக்கு முன் அவள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. கட்டி ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அந்த முடிவையும் அவள் தனியாகத்தான் போய் வாங்கினாள், அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன, மறுபடியும் சாவியைக் கேட்பார். ஆனால் அந்த ஒரு கேள்வி மட்டும் அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வேண்டுமென்றேதான் நாவலில் வைத்தாள். அந்தத் தாள்களை அவர் பையில் வைத்த அன்று அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்றைக்கு வீட்டில் பூகம்பம்தான் என்று காத்திருந்தாள்.

பூகம்பம் வரவில்லை. பிரிண்ட்தான் வந்தது. "நாலாவது பக்கத்துல கையெழுத்து புரியல, பார்த்துக்கோ" என்றார்.

ஆனால் அதற்குப் பிறகு மனுஷர் மாறத் தொடங்கினார். முதலில் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார். அப்புறம், "இன்னைக்குக் கடையில என்ன விசேஷம்?" என்று கேட்க ஆரம்பித்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படித்திருக்கிறார், உறைத்திருக்கிறது, வாய் திறந்து மன்னிப்புக் கேட்க வெட்கப்பட்டு டீயாகப் போட்டுத் தருகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டாள். அவளும் மனசுக்குள் மன்னித்துவிட்டாள். எழுத்துக்கு இத்தனை சக்தியா என்று கண்ணாடி முன் நின்று தன்னையே கொஞ்சம் மெச்சிக்கொண்டாள்கூட.

புத்தகம் வந்து சில நாட்கள் ஆகியிருக்கும். அன்று அவளுக்கு வார விடுமுறை. கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நட்டநடுப் பகலில் கதவு திறந்தது. கடையை இந்த நேரத்தில் அவர் மூடியதே கிடையாது. பேயறைந்தாற்போல வந்து நின்றார். ஒரு கையில் கடை சாவி, இன்னொரு கையில் அந்த மீசைக்காரன்.

"என்னங்க ஆச்சு? உடம்புக்கு முடியலையா?"

"பக்கத்து மருந்துக்கடைக்காரர் படிச்சிருக்கார். அந்த சாவி மாப்பிள்ளை நீங்கதானே சார்னு கேட்டார். நானும் சிரிச்சேன். அப்புறம் எடுத்துப் பார்த்தேன்." அவர் குரல் பிசிறியது. "இது நிஜமா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எது நிஜமான்னு கேக்கறீங்க?"

"அந்தக் கட்டி."

"என்னங்க இது, புதுசாக் கேக்கறீங்க! நீங்கதானே டைப் பண்ணீங்க!"

"டைப்தான் பண்ணேன். படிக்கல."

"ஒரு வரிகூடவா?"

"படிச்சா தப்பு வரும். உனக்குத் தெரியாதா?"

தெரியாதா! ஊருக்கெல்லாம் பறைசாற்றினவளே அவள்தானே. மடித்த துணி மடியிலிருந்து சரிந்தது, அவள் எடுக்கவில்லை. எல்லார் தாளையும் படிக்காமல் அடிக்கிறவர் தன் தாளை மட்டும் படித்திருப்பார் என்று எந்த தைரியத்தில் நினைத்தாள்? பெண்டாட்டி எழுத்தும் விவாகரத்து மனுவும் அந்த விரல்களுக்கு ஒன்றுதான். ஒரு வருஷமாக அவள் அனுப்பிய சண்டை அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. அவள் மன்னித்த மன்னிப்பும் யாரும் கேட்காத மன்னிப்பு.

"அப்ப... டீ?" என்றாள்.

"எந்த டீ?"

"நீங்க போட்டுக் கொடுத்தீங்களே. கடையில என்ன விசேஷம்னு உக்காந்து கேட்டீங்களே. அதெல்லாம் எதுக்கு?"

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீ எழுத ஆரம்பிச்சதுல இருந்து வீட்டுல பேச்சே இல்லை. வந்ததும் தாளை எடுத்துக்கிட்டு உக்காந்துடுவே. முன்னெல்லாம் ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பே. எனக்குப் பயமாப் போச்சு. அதான் நானாக் கேக்க ஆரம்பிச்சேன்."

இது அவளுக்குப் பெரிய அடி. தான் பேச்சை நிறுத்தியது அவளுக்கே தெரியாது. சொல்ல வேண்டியதையெல்லாம் தாளில் சொல்லிவிட்டதால் வாயில் மிச்சமில்லை போலிருக்கிறது. காது கேட்காதவர் என்று அவள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய அதே மாதங்களில், இந்த மனுஷர் அவள் சத்தம் இல்லாததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அந்த மாப்பிள்ளைக்கு என் மூக்கையே வெச்சிருக்கே" என்றார் அவர். கோபமில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், பழைய கணக்கையெல்லாம் எடுத்து வைத்திருப்பாள்.

"அன்னைக்கு நீங்க ம்-னு சொன்னீங்க. சாவி கேட்டீங்க. அது பொய்யில்லை."

"பொய்யின்னு சொல்லலை. எனக்கு அப்படி ஒரு நாளே ஞாபகத்துல இல்லை. யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், வரவே மாட்டேங்குது. ஊரே படிச்சுட்டு என்னைப் பார்க்குது, எனக்கு மட்டும் தெரியலை." கையிலிருந்த சாவியை ஏதோ சூடான பொருளைப்போல மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டார். "அன்னைக்கு என்ன சொன்னியோ, அதைத் திரும்பச் சொல்லு."

"இப்பவா? அதான் புத்தகத்துல இருக்கே."

"அதுல டீச்சர் சொல்றா. நீ சொல்லு."

அக்கா வாயைத் திறந்தாள். அந்தக் காட்சியை எத்தனை தடவை அடித்துத் திருத்தி எழுதியிருப்பாள், ஒவ்வொரு வரியும் மனப்பாடம். ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை. பைலட்டிடம் டீச்சர் கொட்டித் தீர்த்த அழகான வசனங்களெல்லாம் எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டன.

"இன்னைக்கு..." என்றாள். சரிந்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு மத்தியானம் டாக்டர்கிட்ட போயிருந்தேன்."

அவர் முகம் வெளிறியது. எப்போதோ நடந்து, ஒன்றுமில்லை என்று முடிந்துபோன விஷயம்தான். ஆனால் அவருக்கு அது இந்த நிமிஷம்தான் நடந்துகொண்டிருந்தது.

"தனியாவா போனே?" என்றார்.

அவ்வளவுதான், அக்கா உடைந்துபோனாள். மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பைலட்டுக்கென்று இழைத்து இழைத்து எத்தனையோ வசனம் எழுதியிருக்கிறாள். இந்தக் கேள்வியை எழுத அவளுக்குத் தோன்றவே இல்லை.