மேல்கோட்டை ஏற்றத்தில் குதித்த முள்

காலை ஆறரை மணிக்கு மைசூரிலிருந்து கிளம்பினோம். மேல்கோட்டை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் போனால் நிம்மதி. ஆனால் நான் போனதே வண்டிக்காகத்தான். என் கணவர் சேவியர் மஸ்கட்டுக்குப் போகும் முன் ஆசைப்பட்டு வாங்கிய, எங்கள் இருவரையும்விட வயதில் மூத்த கார் அது. ஒரு மாதமாக அதன் டெம்பரேச்சர் முள் தானாக ஏறுகிறது, தானாக இறங்குகிறது. தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று, ரேடியேட்டரைக் கழுவியாயிற்று. தினம் சாயங்காலம் போனில் எங்களுக்கு அந்த முள்ளைப் பற்றித்தான் பேச்சு. கடைசியில் அவரே, மேல்கோட்டை ஏற்றத்தில் ஓட்டிப் பார், தாங்காவிட்டால் கேட்கிறவருக்கு விற்றுவிடு என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசே இல்லை. லீவு கிடைக்காமல் இரண்டு வருஷமாக வராத மனுஷனின் கை பட்ட ஸ்டியரிங்கை எப்படிக் கொடுப்பது?

துணைக்கு வந்தவள் மெர்சி, என்னோடு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள். ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டும்வரை வாயை மூடவில்லை. அண்ணன் என்றைக்காவது உன்னை நல்லாயிருக்கியா என்று கேட்டாரா, வண்டியைத்தான் கேட்பாரா என்று கேலி வேறு. சுருக்கென்றது.

ஏழேகாலுக்குப் பாண்டவபுரத்தில் டீ, பதினைந்து ரூபாய். முள் நடுவில் சாதுவாக நின்றது. அப்புறம் இரண்டு பக்கமும் கரும்பு. கல்யாணமான புதிதில் இதே ரோட்டில் அவர் ஓட்ட, நான் இடது பக்கம் முந்தானையைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டு வந்தேன். இன்று அந்த இடத்தில் மெர்சி தூங்கி வழிந்தாள்.

எட்டு மணிக்கு மலை ஏற்றம். இரண்டாவது வளைவில் முள் விறுவிறுவென்று சிவப்புக்குப் போயிற்று. "நிதானா போ அக்கா," என்று மெர்சி பதறி எழுந்தாள். ஓரங்கட்டினேன். அவ்வளவுதான், வண்டி கைவிட்டுப் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் பானெட்டைத் திறந்தால் ஆவியும் இல்லை, கொதிக்கிற சத்தமும் இல்லை. என்ஜினை அணைத்துச் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தேன். முள் இன்னும் சிவப்பில்தான் நின்றது. மஸ்கட்டில் அப்போது ஆறரை. போன் ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"பெட்ரோல் முள்ளு எங்க நிக்குது?"

"ஃபுல் காட்டுது."

"அரை டேங்க்தான் இருக்குன்னு நேத்துச் சொன்ன. மலை ஏறினா பெட்ரோல் ஊறுமா, ரோசி?"

அட, நர்ஸாக இருந்தும் எனக்குத் தோன்றவில்லையே! உடம்பு நன்றாக இருக்கிறது, தெர்மாமீட்டர்தான் கெட்டிருக்கிறது. இரண்டு முள்ளுக்கும் சேர்த்து டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரே ஒரு கறுப்பு எர்த் வயர் உண்டு என்றார். கையை விட்டுத் துழாவினேன். அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூ கழன்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரு ரூபாய்க் காசால் முறுக்கினேன். இரண்டு முள்ளும் ஒன்றாக இறங்கின. வண்டி எங்களுக்குத்தான் என்றதும் ரோட்டோரத்திலேயே அழுதுவிட்டேன்.

மேலே கல்யாணிக் குளத்தங்கரையில் உட்கார்ந்து புளியோகரே, அதுதான் அந்த ஊர்ப் புளியோதரை, சாப்பிட்டோம். மத்தியானம் ஒரு மணிக்கு வீடு. இறக்கத்திலும் சரி, மைசூர் டிராஃபிக்கிலும் சரி, முள் நடுவைவிட்டு அசையவில்லை.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குப் போன் வந்தது. முள் எப்படி என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. ஒரு மாதமாக அதைத்தானே பேசிக்கொண்டிருந்தோம். வைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் வைக்கவில்லை.

"வேற எங்கயாச்சும் சத்தம் கித்தம் வருதா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

வண்டியில் ஒரு சத்தமும் வரவில்லை.

"இடது பக்கக் கதவு லேசா ஆடுதுங்க," என்றேன். "நீங்க வந்து பார்த்தாத்தான் தெரியும்."