எஸ்தர் சிஸ்டரின் எண்ணெய்ப் பண்டிகை

திங்கட்கிழமை காலை மருந்து அறையில் களிம்பு குழைத்துக்கொண்டிருந்தேன். ஆயா மாரியம்மாள் வாசலில் வந்து நின்றார். "கம்பவுண்டரே, சிஸ்டர் எந்திரிக்கல" என்றார். குரலிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் களிம்பைக் குழைத்து முடித்துவிட்டுத்தான் போனேன். தீக்காயத்தோடு ஆட்கள் காத்திருந்தார்கள். சிஸ்டரும் அப்படித்தான் செய்திருப்பார்.

எஸ்தர் சிஸ்டர் கொச்சியைச் சேர்ந்த யூதர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், சிவகாசிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு நர்சாக வந்தார். வந்த கொஞ்ச நாளில் அவருடைய தங்கையும் சொந்தபந்தமும் கப்பலேறி இஸ்ரேல் போய்விட்டார்கள். "இந்தத் தீபாவளி சீசன் முடியட்டும், நானும் போயிருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கார்த்திகையில் தங்கையின் கடிதம் வந்தது. அவர்களுக்கு அது எட்டு நாள் விளக்குப் பண்டிகை. பழங்காலத்தில் அவர்கள் கோயிலில் ஒரு நாளைக்கே காணும் எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாம். அதனால் விளக்கேற்றி, எண்ணெயில் பலகாரம் பொரிப்பார்கள். அங்கே மாவைப் பொங்கவைத்து உருட்டிப் பொரித்து, உள்ளே ஜாம் வைக்கிறார்கள் என்றும், அடுத்த வருஷம் நீயும் இங்கே வந்து சாப்பிடு என்றும் எழுதியிருந்தார்.

வார்டில் விளக்கேற்ற முடியாது. பட்டாசு விபத்தில் வெந்து, தீக்குச்சி உரசினாலே அலறுகிறவர்கள் படுத்திருந்தார்கள். "எண்ணெய்ச் சட்டியாவது வைப்போம், கம்பவுண்டர்" என்றார் சிஸ்டர். ஈஸ்ட்டுக்கு எங்கே போவது? மைதாவில் தயிர், கொஞ்சம் சீனி, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டுப் பிசைந்து அரைமணி நேரம் மூடிவைத்தார். எலுமிச்சை அளவு உருட்டிக் கடலை எண்ணெயில் விட்டார். "தீயைக் கூட்டாதீங்க. வெளிய கருகிரும், உள்ள மாவா நிக்கும்" என்றார். சிவந்ததும் எடுத்துச் சீனியில் புரட்டினார். ஜாம் கிடையாது.

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று மாரியம்மாள் சிரித்தார். சிஸ்டரும் சிரித்தார். கையில் கட்டுப் போட்டிருந்தவர்களுக்கு அவரே பிட்டுப் பிட்டு ஊட்டினார். "அம்புட்டும் எங்களுக்கா? நீங்க சாப்பிட்டீகளா சிஸ்டர்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

மறுநாள் சிஸ்டர் பயணத்தைப் பற்றிப் பேச வந்தார். நான் பேசவே விடவில்லை. "இன்னும் ஒரு சீசன் இருங்க சிஸ்டர். நீங்க போயிட்டா இம்புட்டுப் பேருக்கு நான் ஒத்தையில எப்படிக் கட்டுப் போடுவேன்?" என்றேன். கட்டுத் துணியை மடித்துக்கொண்டே, "சரி, இருக்கேன்" என்றார்.

அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வருஷமும். விபத்தில்லாத சீசன் என்று ஒன்று வந்தால்தானே! தனியாகக் கட்டுப் போட எனக்கு அலுப்பு, அதுதான் உண்மை. அவருக்கும் அலுத்திருக்கும் என்று இந்தப் பாவிக்குத் தோன்றவே இல்லை. போன கார்த்திகையில் ஸ்டூலில் உட்கார்ந்துதான் பொரித்தார். "தங்கச்சி இப்பல்லாம் வான்னு எழுதுறதில்ல" என்றார். நான் தலையாட்டிவிட்டு இன்னொரு உருண்டையை எடுத்துக்கொண்டேன்.

தந்தி கிடைத்து, கொச்சியில் மிஞ்சியிருந்த உறவினர் இருவர் வேனோடு வந்தார்கள். அங்கே சிஸ்டருடைய அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்வார்களாம். வெள்ளைத் துணியில் சுற்றி ஏற்றினோம். நடக்க முடிந்த நோயாளிகள் வாசலுக்கு வந்தார்கள். கும்பிட வராத கைகளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"கிளம்புங்க சிஸ்டர். இங்கன நான் பாத்துக்கிடுறேன்."