மரம் எங்கே நின்றது?

"மரம் எங்க நின்னுச்சு?"

வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டே, ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் போடில் கேட்கும் முதல் கேள்வி இது. ஜனவரி முழுக்க இதே கேள்விதான். வீட்டுக்காரர் கூடத்தின் நடுவைக் கைகாட்டுவார். அவள் தன் பையிலிருந்து கம்பளிச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு நேராக அந்த இடத்தில் போய் நிற்பாள். பலகை இடுக்கில் ஊசியிலைகள் இன்னும் இரண்டு மூன்று கிடக்கும். அங்கிருந்தபடியே நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள். "ஆக, சோபா அந்தப் பக்கம் போச்சு. ஸ்பீக்கர் ரெண்டும் நடைக்குப் போச்சு. ஆடி முடிச்சதும் திருப்பி வச்சது யாரு?"

யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

டென்மார்க்கின் இந்த லெம்விக் ஊரில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுவரோரம் ஒட்டி வைப்பவர்கள் இல்லை. கூடத்தின் நடுவில் நிறுத்தி, வீட்டில் உள்ள அத்தனை பேரும் கைகோத்துச் சுற்றிப் பாடி ஆட வேண்டும். அதற்கு இடம் வேண்டும். வருடம் முழுக்க அசையாத ஸ்பீக்கர் பெட்டிகள் அன்று ஒருநாள் அசையும், வயர்கள் பிடுங்கப்படும். மறுநாள் அரைத் தூக்கத்தில் யாரோ ஒருவர் அவற்றைத் திரும்பச் செருகுவார். "டிசம்பர்ல ஊரே ஆடுது, ஜனவரில நான் முட்டி போடுறேன்," என்பாள் போடில். முட்டி போடுவது உண்மைதான். தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் மெத்தை ஒன்றைத் தரையில் போட்டு, அதில் மண்டியிட்டு, சுவரடியில் ஓடும் வயரை விரல் நுனியால் தடவிக்கொண்டே போவாள். ஐம்பத்தாறு வயது. அகன்ற முதுகு. வாயில் எப்போதும் உப்பு அதிமதுர மிட்டாய் ஒன்று.

பாட்டுப் போட்டுச் சோதிக்க மாட்டாள். செய்தி வாசிப்பவரோ வானிலை சொல்பவரோதான் வேண்டும். "பாட்டுல தப்பு ஒளிஞ்சுக்கும். மனுஷன் பேசுறது எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும்ல." அவளுடைய வீட்டில் ஸ்பீக்கரே கிடையாது. ஒருமுறை ஏனென்று கேட்டேன். "பல் டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பல்லைப் பாத்துட்டா இருப்பாரு?" என்றாள்.

அவளிடம் இன்னொரு வழக்கம் உண்டு. வேலைச் சீட்டில் இரண்டு கட்டங்கள்: வாடிக்கையாளர் சொன்னது, கண்டது. முதல் கட்டத்தில் அவர்கள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதிக்கொள்வாள். 'ஓட்ஸ் கஞ்சி சுட வைத்தால் படுக்கையறைப் பாட்டு நின்றுவிடுகிறது.' அதற்கு நேரே, கண்டது: 'மைக்ரோவேவ் அடுப்பு. வைஃபையை மறைக்கிறது.' எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும் சிரிக்க மாட்டாள், "இருக்காதே" என்று சொல்ல மாட்டாள். பல வருடங்களுக்கு முன் ஒரு பெண், அணைத்து வைத்த ஸ்பீக்கர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேசுகிறது என்றாளாம். போடில் சிரித்துவிட்டாள். அந்தப் பெண்ணின் கணவனும் சேர்ந்து சிரித்தான். ஒரு வருடம் கழித்து, பின்வீட்டுக்காரர் பொழுதுபோக்குக்காக வைத்திருந்த வயர்லெஸ் கருவியின் பேச்சை ஸ்பீக்கரின் நீள வயர் பிடித்துக்கொடுத்தது தெரியவந்தது. "அந்த ஒரு வருஷமும் அவ வாயைத் தெறக்கலை. அது நான் பண்ணின வேலை," என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை.

எய்னார் வீட்டுக்கு அவள் வந்தது இந்த ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு. நகராட்சியின் முதியோர் பராமரிப்புப் பணியாளாக நான் தினமும் எட்டு மணிக்கு அங்கே போகிறவள். எய்னாருக்கு எண்பத்துநாலு வயது. ஃபியோர்ட் என்னும் கடற்கழியின் குறுக்கே படகுச் சேவை நடத்தியவர். பத்து வருடமாகக் கண் தெரியாது. ஆனாலும் அந்த வரிசை வீட்டில் தனியாகவே இருந்தார். தானே காபி போடுவார், தானே சவரம் செய்துகொள்வார். கிறிஸ்துமஸ் முடிந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கூடத்துக் கணப்படுப்பில் முட்டிக்கொண்டு நெற்றியைக் காயப்படுத்திக்கொண்டார். குளியலறைக் கதவு என்று நினைத்து நிலவறைக் கதவைத் திறந்து மூன்று படி உருண்டார். போதாததற்கு, சமையலறையில் ஒரு ஆள் இருக்கிறான் என்று சொல்லத் தொடங்கினார். அதை நான் என் பதிவில் எழுதினேன்: 'குழப்பம். இல்லாத ஆளின் குரல் கேட்கிறது என்கிறார்.' வியாழக்கிழமை பத்து மணிக்கு நகராட்சி மதிப்பீட்டாளர் வருவதாக இருந்தது. எய்னார் இனி முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டுமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

போடிலை அழைத்தது எய்னாரின் மகள் லிஸ்பெத். கூடத்து ஸ்பீக்கர்களை எடுத்துப் போட்டுவிட வேண்டும் என்பதற்காக.

"இந்த ரெண்டு பழைய பெட்டியும் வேண்டாம். வயர்ல கால் தடுக்கி விழுறார்," என்றாள். "சமையலறையில ஒரு சின்ன வயர்லெஸ் ஸ்பீக்கர் இருக்கு. நாங்கதான் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்தோம். ஸ்டீன் போராடிப் பாத்தார், வைஃபைல ஒட்டவே மாட்டேங்குது. அதை மட்டும் ஓட வச்சுக் குடுங்க. எங்க போனாலும் கூடவே கொண்டு போகலாம்ல."

ஸ்டீன் அவள் கணவன். 'எங்கே போனாலும்' என்று அவள் சொன்னது எந்த இடத்தை என்று எய்னார் உட்பட எல்லோருக்கும் புரிந்தது.

"மரம் எங்க நின்னுச்சு?" என்றாள் போடில்.

"இந்தா, இங்கதான். ஏன்?"

போடில் எய்னாரின் நாற்காலி அருகே போய் மண்டியிட்டாள். சீட்டை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க எய்னார்."

"என்னத்தைச் சொல்ல? எல்லாம் இவகிட்டச் சொல்லியாச்சு."

"என்கிட்டச் சொல்லலையே."

கிழவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "நியூஸ் வாசிக்கிறவன் எப்பவும் ஜன்னல்ல நிப்பான். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல. அவனுக்கு முதுகைக் காட்டி நின்னா வலது பக்கம் குளியலறை, இடது பக்கம் நிலவறை. பத்து வருஷமா அவன் அசைஞ்சதில்லை. இப்ப ஜன்னலை விட்டு எறங்கிட்டான். எங்க நிக்கிறான்னே தெரியலை. மூடுபனிக்குள்ள படகை விட்ட மாதிரி இருக்கு."

"அப்பா, அது வெறும் ரேடியோப்பா," என்றாள் லிஸ்பெத்.

போடில் எழுதிக்கொண்டே கையை மட்டும் உயர்த்தி அவளை நிறுத்தினாள். "சமையலறை ஆளு?"

"அதைச் சொன்னா நீயும் எழுதிக் குடுத்துருவே."

"நான் எழுதுறது எனக்கு மட்டும்தான். சொல்லுங்க."

"விடியக் காலையில. நான் எழுந்து ரேடியோவைப் போட்டதும் அங்க ஒருத்தன் மெதுவாப் பேசுறான். இவன் சொல்றதையே கொஞ்சம் பொறுத்து அவனும் சொல்றான். கேலி பண்ற மாதிரி. போய்த் தேடினேன். மேசை, நாற்காலி, கதவுக்குப் பின்னாடி எல்லாம் தடவிப் பாத்தேன். ஆளில்லை. ஏழரைக்கு நிறுத்திடுவான். அப்புறம் எட்டு மணிக்கு இந்தப் பொண்ணு வரும். அதுகிட்டச் சொன்னா, சரி சரின்னு மாத்திரையைக் கையில குடுக்கும்." இந்தப் பொண்ணு என்றது என்னை. குரலைத் தாழ்த்தினார். "தலை போச்சுன்னா இப்படித்தான் ஆரம்பிக்குமோ என்னவோ."

போடில் எழுதி முடித்தாள். பிறகு ரேடியோவைப் போடச் சொல்லி, ஜன்னலுக்கு எதிரே கண்ணை மூடி நின்றாள். ஒரு நிமிடம் இருக்கும். "மூடுபனிதான்," என்றாள்.

ஆம்பிளிஃபயரின் பின்னால் இருந்த வயர்களை உருவினாள். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். சிவப்பு, கறுப்பு அடையாளம் ஏதும் இல்லை. கட்டை விரல் நகத்தால் நெடுகக் கீறிப் பார்த்துவிட்டு, "லிஸ்பெத், இங்க வா. நகத்தை வச்சுப் பாரு," என்றாள். வயரின் ஒரு பக்கத்தில் மெல்லிய வரப்பு ஓடியது. மறுபக்கம் வழவழப்பு. எய்னார் கண் போன பிறகு விரலாலேயே தேர்ந்து மாட்டிய வயர் அது. வரப்புப் பக்கம் எப்போதும் இடது முனையில் போக வேண்டும்.

"இந்த வருஷம் நான்தான் திருப்பி மாட்டினேன்... எந்தப் பக்கம் மாட்டினா என்ன, சத்தம் வந்துச்சேன்னு..." என்றாள் லிஸ்பெத்.

"சத்தம் வரும். அதுதான் வினை." போடில் வலப் பெட்டியின் முகத்துணியைக் கழற்றினாள். சட்டைப் பையிலிருந்து சுவர்க்கடிகாரத்துப் பேட்டரி ஒன்றை எடுத்தாள். "உள்ளங்கையைக் காகிதக் கூம்பு மேல லேசா வை. அமுக்காதே." பேட்டரியை வயர் நுனியில் தொட்டாள். "என்ன?"

"தள்ளுது."

இடப் பெட்டியிலும் கையை வைக்கச் சொன்னாள். தொட்டாள்.

லிஸ்பெத் போடிலை நிமிர்ந்து பார்த்தாள். "உள்ள இழுக்குது," என்றாள்.

"ஒண்ணு தள்ளுறப்ப இன்னொண்ணு இழுத்தா, நடுவுல ஆள் நிக்க முடியாது. உங்கப்பா சொன்னது அதைத்தான்."

இரண்டே நிமிட வேலை. ஆனால் போடில் அன்று அந்த வயரைத் தானே திருப்பவில்லை. வரப்பு நுனியை லிஸ்பெத்தின் கையில் கொடுத்தாள். அவளே திருப்பினாள். ரேடியோ திரும்பப் பேசியபோது எய்னாரின் முகம் ஜன்னலை நோக்கி மெல்லத் திரும்பிற்று. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

"சமையலறை ஆளுக்கு நாளைக்கு ஆறு மணிக்கு வர்றேன்," என்றாள் போடில். என்னைப் பார்த்தாள். "நீயும் வா. எழுதினவதானே, கேட்டும் பாரு."

புதன்கிழமை ஆறு மணிக்கு வெளியே கும்மிருட்டு, மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. சமையலறையில் நாங்கள் நாலு பேர். விளக்கைப் போட வேண்டாம் என்று போடில் சொல்லிவிட்டாள். எய்னார் இருட்டிலேயே எல்லோருக்கும் காபி ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. "இப்ப நாம எல்லாரும் ஒரே ஜாதி," என்றார். லிஸ்பெத் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவன் வராமல் போனால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். நான் எழுதியது உண்மையாகிவிடும்.

ஆறரைக்குக் கூடத்து ரேடியோ செய்தியைத் தொடங்கியது. ஹான்ஸ்ட்ஹோல்ம் கடற்பகுதியில் பலத்த காற்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். பத்து தாண்டியது. பிறகு எங்கள் தலைக்கு மேலே, தாழ்ந்த குரலில், ஒருவன் ஹான்ஸ்ட்ஹோல்ம் கடற்பகுதியில் பலத்த காற்று என்றான்.

லிஸ்பெத் என் முழங்கையைப் பிடித்தாள். எய்னார் கோப்பையை மேசையில் வைத்தார். "கேக்குதா?" என்றார். கேள்வி மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"கேக்குது," என்றாள் போடில். "நாலு பேருக்கும் கேக்குது."

விளக்கைப் போட்டுவிட்டு முக்காலியில் ஏறி, அலமாரியின் உச்சியில் மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டைப் பெட்டி. கிறிஸ்துமஸ் பரிசு. அன்றைக்கு ஸ்டீன் தன் போனில் அதை ஓட வைக்கப் போராடியபோது, ஆறரை மணிக்கு ரேடியோ பாட ஒரு அலாரமும் வைத்திருக்கிறார். அதை மறந்துவிட்டு, ஒட்டாத பெட்டியைச் செருகியபடியே மேலே தூக்கி வைத்துவிட்டார். பகலில் பன்னிரண்டு வீட்டு வைஃபையும் மோதும் அந்த வரிசையில் அதற்குப் பாதை கிடைப்பதில்லை. விடியலில் எல்லோரும் தூங்கும்போது மட்டும் கிடைக்கிறது. "கூடத்து ரேடியோ காத்துல நேரா வருது. இவன் இன்டர்நெட்ல ஊரைச் சுத்திட்டு வர்றான், அதான் லேட்டு," என்றாள் போடில். பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியை எய்னாரின் கைகளில் வைத்தாள்.

கிழவர் அதைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "இவனா? இவ்ளோ சின்னப் பயலா? நான் ஆள் உயரத்துக்குல்ல தேடினேன்."

பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் காபியைக் குடித்தோம்.

போடில் சீட்டை நிரப்பினாள். வாடிக்கையாளர் சொன்னது: 'சமையலறையில் ஒருவன் இருக்கிறான்.' கண்டது: 'இருந்தான்.' கையெழுத்துப் போட்டாள். நான் என் பதிவைத் திருத்தினேன். ஆனால் பழைய வரியை அழிக்க அந்த மென்பொருள் விடாது. புதியதைக் கீழே சேர்க்கத்தான் விடும்.

வியாழக்கிழமை அவளுக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கம்பளிச் செருப்போடு உள்ளே வந்து, வயரைச் சுவரடியில் ஒட்டப் போவதாகச் சொல்லி ரப்பர் மெத்தையைப் போட்டாள். மதிப்பீட்டாளர் மெல்லிய குரல்காரப் பெண். என் இரண்டு வரிகளையும் படித்திருந்தார். எய்னாரின் சம்மதத்தோடு போடில் காட்டிய சீட்டையும் படித்தார், இரண்டு தடவை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நல்லது எய்னார். இப்ப நீங்க வழக்கமா எப்படிப் போவீங்களோ அப்படிக் குளியலறைக்குப் போய்ட்டு வாங்க. யாரும் உதவ வேண்டாம்."

எய்னார் எழுந்தார். ஜன்னலில் வானிலை வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். கணப்படுப்பைத் தாண்டினார். இரண்டு கதவுகளுக்கும் எதிரே வந்ததும் நின்றார். தலை லேசாக இடது பக்கம் சாய்ந்தது, நிலவறைப் பக்கம்.

லிஸ்பெத்தின் கால் தானாக முன்னே எழுந்தது.

தரையில் மண்டியிட்டிருந்த போடில் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு கையால் ஒட்டுநாடாவைச் சுவரில் அழுத்தியபடியே, மறுகையால் லிஸ்பெத்தின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாகத்தான் பிடித்திருந்தாள். கம்பளிக் காலுறையில் அவள் விரல்கள் பதிந்திருந்தது எனக்குத் தெரிந்தது. வலது பக்கம் ஒரு கதவு திறந்து மூடி, குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளே விழும் சத்தம் கேட்ட பிறகுதான் விட்டாள்.