கொழுப்பு மாத்திரை

காலை ஆறு பத்து. கழிப்பறைப் பீங்கானில் என் சிறுநீர் டிக்காஷன் நிறம். செய்தியாளனாக இருந்த பழக்கத்தில் முதலில் விளக்கைப் போட்டு நிறத்தை உறுதி செய்துகொண்டேன். பயந்தது அதற்குப் பிறகு.

சில நாட்களாகவே இரண்டு தொடையும் வலித்தன. நாற்காலியிலிருந்து எழ மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. உறவுக்காரர்களோடு செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை ஏறியதால்தான் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஏறியவர்கள் உறவுக்காரர்கள். நான் கீழே வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

விழுப்புரத்து இதய மருத்துவர் எனக்கு ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் சர்க்கரைக்குச் சாப்பிட்டால் சுகர் மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு பிரஷர் மாத்திரை. என்னுடையது கொழுப்பு மாத்திரை. முதல் அட்டையைப் பார்த்ததும் மனைவி சொன்னாள்: "இதுக்கு மாத்திரை இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா கல்யாணத்தன்னிக்கே குடுத்திருப்பேனே." அன்றோடு அந்தப் பெயரை நான் வெளியில் சொல்வதில்லை.

முந்தின வாரம் காய்ச்சல், இருமல். செஞ்சி கடைத்தெரு கிளினிக்குக்குப் போனேன்.

"வேற மாத்திரை எதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

பின்னால் பெஞ்சில் என்னோடு டீ குடிக்கும் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன். அதிகாரிகள் மறைப்பதைத் தோண்டி எடுத்தே சம்பளம் வாங்கியவன் நான். அவர் ஓர் ஆன்டிபயாட்டிக் எழுதினார். அதையும் விழுங்கினேன், கொழுப்பு மாத்திரையையும் விழுங்கினேன்.

அன்று காலை மனைவி பீங்கானை எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது கலரு? கெளம்புங்க."

கிளினிக்கில் டாக்டர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். நான் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் மனைவி சொல்லிவிட்டாள்: "கொழுப்பு மாத்திரை டாக்டர். ஒரு வருஷமா சாப்புடுறாரு. கொழுப்பு மட்டும் கொறையல."

பெஞ்ச் சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

"நான் குடுத்த மருந்து அந்த மாத்திரைய ஒடம்புல தேக்கி வெச்சிடும். சதை கரைஞ்சு கிட்னிய அடைக்கும். அன்னிக்கே சொல்லியிருந்தா வேற மருந்து எழுதியிருப்பேன். ரெண்டையும் நிறுத்துங்க. நேரா விழுப்புரம் போய் அட்மிட் ஆவுங்க."

விழுப்புரத்துக்குக் கார் பிடித்தோம். வழியில் மனைவி, "கிட்னி போயிடுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள், காலைதோறும் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் கிட்னிக் கழிவின் அளவு இறங்கத் தொடங்கியதும் எனக்கு வீரம் வந்துவிட்டது. "இனிமே இந்த மாத்திரையே வேணாம் டாக்டர்" என்றேன்.

இதய மருத்துவர் என் பழைய ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ரத்தக்குழாய்ல அடைப்பு அப்படியேதான் இருக்குது. மாத்திரைய நீங்களா நிறுத்தவும் கூடாது, நீங்களா ஆரம்பிக்கவும் கூடாது. தசை வலிச்சா ஒடனே வந்து சொல்லணும். வேற யார் மருந்து எழுதினாலும் இது பேரச் சொல்லணும். வாய் இருக்குதுல்ல?"

"அது நெறையவே இருக்குது" என்றாள் மனைவி.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்த்தார்கள். இதய மருத்துவர் வேறொரு ஸ்டாட்டின், குறைந்த அளவில், எழுதிக் கொடுத்தார். இரவில் ஒன்று.