தூணுக்குள் ஓடிய மழை

எங்கள் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு, ரிக்கற் கொடுக்கிற யன்னல் வழியாகத்தான் நான் தேத்தண்ணி நீட்டினேன். சிரிக்காதீர்கள். அப்போது யாழ்ப்பாணப் பட்டணத்துப் பழைய றெயில் ஸ்ரேசன்தான் எங்கள் வீடு, ரிக்கற் அறைதான் அடுப்பு மூட்டிச் சமைக்கிற என் குசினி.

காங்கேசன்துறைப் பக்கத்தில் எங்களுக்குக் கல்வீடும் வளவும் கிணறும் இருந்தன. சண்டையில் ஆமிக்காரர் அந்த ஊரையே வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். இடம் இடமாக அலைந்து, கடைசியில் றெயில் வராத ஸ்ரேசனுக்குள் வந்து ஒதுங்கினோம். எங்களைப் போல இன்னும் சில குடும்பங்களும் அங்கே இருந்தன. தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் எப்போதோ பங்கர் கட்டப் போய்விட்டன. றெயில் ஓடின இடத்தில் ஆடு மேய்ந்தது. இப்போது அந்த இடத்தில் புதுக் கட்டிடம் நிற்கிறது, கொழும்பு றெயில் வந்து போகிறது. அதைப் போய்ப் பார்த்தேன், வடிவுதான். ஆனாலும் நான் குடியிருந்தது பழையதில் அல்லவா, எனக்குத் தெரிந்ததும் அதுதான்.

பள்ளிக்கூடப் பக்கம் நான் போனதில்லை. இதையும் நான் சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறார்கள். வாசல் வளைவுக்கு மேலே சாந்தில் புடைத்து நின்ற எழுத்துகள் என்ன சொல்லின என்று எனக்குத் தெரியாது. தூசி மட்டும் தட்டிவிடுவேன். ஆனால் அந்தச் சுவரை எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்துச் சுவர். யன்னல் திண்டில் என் கடைசிப் பிள்ளை கால் நீட்டிப் படுக்கும், அவ்வளவு தடிப்பு. ஷெல் பட்ட இடத்தில் சாந்து உதிர்ந்து முருகைக்கல் தெரிந்தது. கல்லுக்குள் சின்னச் சின்னச் சிப்பி. கடலையே வெட்டி எடுத்து அடுக்கியிருக்கிறார்களே என்று தடவித் தடவிப் பார்ப்பேன். சித்திரை வெயிலிலும் அது குளிர்ந்துதான் கிடக்கும்.

வளைவுகளைப் பார்த்துத்தான் முதலில் பயந்தேன். ஒரு மரம் தாங்காமல் கல் எப்படி அந்தரத்தில் வளைந்து நிற்கும்? அதற்குக் கீழே படுக்க மாட்டேன் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். என் மனுசன் சிரித்தார்.

"ஷெல்லுக்கே விழாதது உன்ரை தலையிலை விழவோ பாத்துக்கொண்டிருக்குது? பேசாமல் படு."

கூரை ஓடு அநேகமாகப் போய்விட்டது. பிளாற்போமில் ஒரு துண்டுக் கூரை மட்டும் மிச்சம். அதைத் தாங்கி இரும்புத் தூண்கள். ஒவ்வொரு தூணின் உச்சியிலும் இரும்பிலேயே கொடியும் பூவும். றெயிலைப் பிடிக்க ஓடுகிறவன் அண்ணாந்து பூவையா பார்க்கப் போகிறான்? பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்று செய்திருக்கிறார்கள். அந்த மனம் எப்படிப்பட்ட மனம் என்று நான் நெடுக யோசிப்பேன்.

சொல்ல வந்தது வேறு. மச்சாள், அதாவது என் மனுசனின் தமக்கை, சுன்னாகத்தில் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். வெங்காயத் தோட்டம் செய்கிற குடும்பம். பெடியனுக்குத் தகப்பன் இல்லை. தாயும் தாய்மாமனும்தான் பேசி முடிக்கிறவர்கள். "உங்களுக்குச் சரியெண்டால் எனக்கும் சரி அம்மா" என்று மகள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அவர்கள் வருகிற அன்று விடியவே தலை முழுகி, இருந்த ஒரே நல்ல சேலையைத் தானே எடுத்து உதறிக்கொண்டு நின்றாள். கோயில் திருவிழாவில் அந்தப் பெடியனைப் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தச் சம்பந்தம் குழம்பினால் அவள் தாங்க மாட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணப் பேச்சு நகராது. எங்களிடம் கொடுக்க எந்த வீடு இருக்கிறது?

மச்சாளோடு தாயும் மாமனும் வந்தார்கள். பயணிகள் உட்காருகிற நீள வாங்கு ஒன்று உடையாமல் கிடந்தது, அதில் பாய் விரித்து இருத்தினோம். பயற்றம் பணியாரம் சுட்டிருந்தேன். பாகு கொஞ்சம் முறுகிவிட்டது, இருந்தாலும் மாமன்காரர் நிறையச் சாப்பிட்டார். சாப்பிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"பிள்ளைக்கு வீடு எது?"

"வீடு இருக்குது. போகத்தான் ஏலாது" என்றார் என் மனுசன். "திறந்துவிட்டால் அது அவளுக்குத்தான்."

"அதுவரைக்கும் ஸ்ரேசனை எழுதித் தாறியளோ? கோச்சி வந்து நிண்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்ப வேணுமே!"

மச்சாள்கூடச் சிரித்துவிட்டாள். என் மனுசன் நிலத்தைப் பார்த்தார். தாய்க்காரி சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தா. எனக்கு அதுதான் பயம். ரிக்கற் அறைக்குள் நின்ற மகளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை கொட்டியது. எல்லோரும் எழும்பி அந்தத் துண்டுக் கூரைக்குக் கீழே ஓடினோம். தாய்க்காரி ஒரு தூணில் சாய்ந்தா. சாய்ந்தவ திடுக்கிட்டு விலகி, பிறகு தூணில் காதை வைத்தா.

"தங்கச்சி, உதுக்குள்ளை என்ன சத்தம்?"

"தண்ணி அக்கா. தூண் உள்ளுக்கை கோறை. கூரைத் தண்ணி முழுக்க அதுக்குள்ளாலைதான் இறங்குது."

"இறங்கி?"

"நிலத்துக்குக் கீழை வாய்க்கால் இருக்குது. அதாலை போய்த் தொட்டிக்கை விழும்."

"தொட்டியோ? எங்கை, காட்டுங்கோ பாப்பம்!"

சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டா. நானும் பின்னால் இறங்கினேன். நாங்கள் வந்த வருஷம் என் மனுசன் இதே சத்தத்தின் பின்னால் போய்த்தான் அந்தத் தொட்டியைக் கண்டுபிடித்தார். அவரே ஓடிப்போய்க் கல்மூடியை நெம்பித் தூக்கினார். உள்ளே தண்ணீர் நிறைந்து, கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

அவ குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தா.

"எங்கடை ஆக்கள் கிணத்திலை துலா மிதிச்சு மிதிச்சே காலம் கழிச்சவை" என்றா. "இவங்கள் மேலாலை விழுற தண்ணியைச் சிந்தாமல் பிடிச்சிருக்கிறாங்கள் பாருங்கோவன். அதுவும் பூப்போட்ட தூணுக்குள்ளாலை!"

மாமன்காரர் கூரைக்குக் கீழே நின்று கத்தினார்: "அக்கா, நனையாதை, வா! வீட்டுக் கதையை ஒரு முடிவாக்குவம்."

"அது முடிஞ்சுது. நீ பணியாரத்தைத் தின்."

பிறகு என் கையைப் பிடித்தா. அவவின் கை ஈரம், கல்லு மாதிரி உறுதி.

"உங்கடை வீடு திறக்கேக்கை திறக்கட்டும் தங்கச்சி. இப்பிடி ஒரு இடத்தை இவ்வளவு துப்புரவா வைச்சிருக்கிற தாயின்ரை பிள்ளை எனக்குப் போதும். ஆனால் ஒண்டு, கலியாணம் இஞ்சைதான்."

"இஞ்சையோ?"

"ஓம். உந்தப் பிளாற்போமிலை எங்கடை ஊர்ச்சனம் முழுக்க இருக்கலாமே!"

ரிக்கற் யன்னலுக்குள் மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. என் பாடும் அப்படித்தான்.

தை மாதம் நாள் வைத்தோம். நீர்வேலியிலிருந்து குலையோடு வாழை கொண்டுவந்து தூண்களில் கட்டினோம். பெரிய வளைவுக்குக் கீழே மணவறை. முன்வாசலில் இடிந்த கல் குவிந்து கிடந்தபடியால், மாப்பிள்ளை வீட்டார் றெயில் பாதை வழியாகவே நடந்து வந்தார்கள். முன்னால் மேளம், பின்னால் குடையும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை. வாங்கைப் படியாகப் போட்டு, என் மகன் கால் கழுவி ஏற்றினான். றெயில் நின்று எத்தனையோ காலத்துக்குப் பிறகு, அந்தப் பிளாற்போமில் சனம் நிறைந்து ஒருவரை எதிர்பார்த்து நின்றது அன்றைக்குத்தான்.

மேளச் சத்தம் ஒரு வளைவில் பட்டு மற்ற வளைவுக்குப் போய்த் திரும்பி வந்தது. ஒரு கூட்டம் வாசிக்க நாலு கூட்டம் சேர்ந்து வாசிக்கிற மாதிரி. நான் ஆலாத்தித் தட்டோடு வாயைத் திறந்து அண்ணாந்து நின்றுவிட்டேன். மச்சாள் முழங்கையால் இடித்தாள்.

"எடியே, மாப்பிள்ளை கீழை நிக்கிறாரடி!"