வாடை இல்லாத வீடு

எங்கள் வேலையில் பெரும்பாலான நாட்களில் எதுவும் நடக்காது. வீடுகளுக்குக் குழாய் வழியாக எரிவாயு கொடுக்கும் கம்பெனிகள் பாதுகாப்பு விதிகளின்படி நடக்கின்றனவா என்று ஒழுங்குமுறை வாரியத்துக்காகப் பார்த்துச் சொல்கிறவர்களில் நானும் ஒருத்தி. வீடு ராஜபாளையத்தில். காலையில் பஸ் ஏறி ஏதாவது ஓர் ஊரில் இறங்குவேன். கையில் வாயுக் கசிவைக் காட்டும் டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பேன். அது வாய் திறக்காத நாள் நல்ல நாள்.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூர். மழைக்கு முந்தைய புழுக்கம். மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது, ஓர் இலைகூட அசையவில்லை. கம்பெனியின் சூப்பர்வைசர் குடையும் கையுமாகக் கூடவே வந்தார். தேர்வீதிக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெரு. அதன் முனையில் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் போனபோது டிடெக்டர் கத்தியது.

"சாக்கடைல அது அப்படித்தான் கத்தும் மேடம். அதுலயும் கேஸ் இருக்கும்லா" என்றார் சூப்பர்வைசர்.

அவர் சொன்னது பொய்யில்லை. சாக்கடையிலும் மீத்தேன் உண்டு. ஆனால் அங்கிருந்து நகர நகரச் சத்தம் குறைய வேண்டும். குறையவில்லை. கம்பெனி ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, சாலையோரம் இரும்புக் கம்பியை அடித்து வரிசையாகத் துளை போடச் சொன்னேன். ஒவ்வொரு துளையிலும் டிடெக்டரின் மூக்கை நுழைத்துப் பார்த்தேன். அளவு கூடிக்கொண்டே போனது. குழாய் போகும் பாதையில் அல்ல. குழாயை விட்டு விலகி, தெருவின் இடதுபக்கம் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை நோக்கி.

அந்த வீட்டு வாசல்கதவின் அடியிடுக்கில் டிடெக்டரை வைத்தேன். முள் ஏறிய வேகத்தைப் பார்த்து சூப்பர்வைசர் குடையை மடக்கிவிட்டார்.

அதற்குள் பக்கத்து வீட்டம்மா வெளியே வந்தார். கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. கையில் சாவிக்கொத்து.

"இது ஏட்டையா வீடுல்லா. போலீஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆனவிய. மதுரைல மக வீட்டுக்குப் போயிருக்காவ. சாவி எங்கிட்டதான் இருக்கு. தெறந்து லைட்டப் போட்டுப் பாப்பமா?"

"வேண்டாம்மா. கதவுகிட்ட வராதீங்க."

"ஏம்மா, என்ன இருக்கு? ஒரு வாடையும் இல்லையே."

நானும் முகர்ந்துதான் பார்த்திருந்தேன். மண் வாடை மட்டும் இருந்தது. இந்த வாயுவுக்கு இயல்பில் மணமே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடையைக் கலந்து அனுப்புகிறார்கள். ஆனால் மண்ணுக்குள் வெகுதூரம் ஊர்ந்து வந்தால் மண் அந்த வாடையை உறிஞ்சிக்கொண்டு வாயுவை மட்டும் விட்டுவிடும். பயிற்சி வகுப்பில் படித்தது. நேரில் பார்த்ததில்லை. வாடை இல்லை என்று நிம்மதியாக நின்ற அந்த அம்மாவுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். வீட்டுக்குள் ஏதோ ஒன்று மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே டக்கென்று நின்றது.

"ஃப்ரிட்ஜு" என்றார் அந்த அம்மா. "பால்கோவா வாங்கி வச்சிட்டுப் போயிருக்காவ. அதான் ஆஃப் பண்ணல."

நின்ற ஃப்ரிட்ஜ் தானாகவே மறுபடி ஓடும். ஓடத் தொடங்கும்போது உள்ளே ஒரு சின்னப் பொறி பறக்கலாம்.

எல்லாரையும் தெருமுனைக்கு விரட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வரச் சொல்லி வீடுவீடாக ஆட்கள் ஓடினார்கள். யாரும் காலிங்பெல்லை அழுத்தக் கூடாது, வாயால்தான் கூப்பிட வேண்டும் என்றேன். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். சூப்பர்வைசர் மின்வாரியத்துக்கு போன் போட்டார், கம்பத்தில் கரண்டை வெட்டச் சொல்ல. அதே நேரம் பக்கத்து வீட்டம்மாவின் போனில் ஏட்டையா கிடைத்தார். நான் வாங்கி விஷயத்தைச் சொன்னேன். மதுரையில் மகள் வீட்டில்தான் இருந்தார்.

"கரண்ட நிறுத்தப் போறியளா?" என்று அவர் கேட்டார். "நிறுத்துனா இன்வெர்ட்டர் ஓட ஆரம்பிக்குமேம்மா. மாடிப்படிக்கு அடில இருக்கு. டப்புனு சத்தம் போட்டுத்தான் மாறும்."

சூப்பர்வைசர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, வெட்ட வேண்டாம் என்று நானே சொன்னேன். கரண்ட் இருந்தால் ஃப்ரிட்ஜ். போனால் இன்வெர்ட்டர். இரண்டில் எது முதலில் என்று யோசித்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வாயுவையாவது நிறுத்தலாம் என்றால், அந்தத் தெருவின் வால்வைக் காணோம். புதிதாகத் தார் போட்டபோது மூடியோடு சேர்த்துப் புதைத்துவிட்டிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் சாலையைத் தட்டித் தட்டித் தேடினார்கள். பிறகு நான்கைந்து தெரு தள்ளியிருந்த பெரிய வால்வை மூட வேண்டியதாயிற்று. பாதி ஊரின் அடுப்பு அணைந்தது. மதியச் சமையல் நேரம். எங்கிருந்தோ ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். ஒரு ஓட்டல்காரர் என் முகத்துக்கு நேராகவே, "வாடையுமில்ல, புகையுமில்ல, எதுக்கும்மா ஊரக் கலவரமாக்குறிய?" என்றார்.

தீயணைப்புக்காரர்கள் வந்து வண்டியைத் தெருவுக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். ஏட்டையா போனில் வழி சொன்னார்: "பின்னால அடுக்களை ஜன்னல் கொக்கி சரியா விழாது. தள்ளுனா தெறந்துரும்." ஒருவர் நீளமான மூங்கில் கழியோடு பின்பக்கச் சந்துக்குள் போனார். டிடெக்டரோடு நானும் பின்னால் போனேன். கழியின் நுனி ஜன்னலைத் தொட்டது.

உள்ளே ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கியது.

தீயணைப்புக்காரர் அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரக்கூட இல்லை. சுவரைப் பிடித்தபடி நின்றேன். ரீங்காரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் காரணம் சொல்லலாம். வாயு லேசானது, மேலே போய்த் தேங்கியிருக்கும்; ஃப்ரிட்ஜின் மோட்டார் தரையோரம் இருக்கிறது. அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன். அந்தச் சந்தில் நின்றபோது எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

ஜன்னல் திறந்தது. பிறகு மாடிக் கதவு, மற்ற ஜன்னல்கள். வீடு மூச்சு விட்டு முடிக்க வெகுநேரம் ஆனது. அளவு இறங்கிய பிறகு குழாயைத் தோண்டச் சொன்னேன்.

தோண்டியபோது, தண்ணீர்க் குழாய் பதிக்க யாரோ ஜேசிபியால் பறித்த பழைய பள்ளம் தெரிந்தது. அதற்குள் எரிவாயுவின் மஞ்சள் குழாய். ஜேசிபியின் பல் பட்டுக் கீறியிருந்தது. அந்தக் கீறலின் மேல் சைக்கிள் டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் ஒரு துணியைக் கட்டி, மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். தெரியாமல் பட்டுவிட்டது என்றால் மன்னிக்கலாம். இது தெரிந்தே கட்டிய கட்டு. சூப்பர்வைசர், "எந்தக் கான்ட்ராக்டர் ஆளுகன்னு தெரியல மேடம். தண்ணிக்கொழாய்க்கு ஊரு பூரா தோண்டியிருக்காவ" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னது என்னவென்று புரிந்தவர்போலத் தெருவின் மறுமுனையைப் பார்த்தார்.

சாயங்காலம் ஏட்டையா வந்து சேர்ந்தார். ஆறடி ஆள், வெள்ளை மீசை. எல்லா ஜன்னலும் திறந்து கிடந்த தன் வீட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"உள்ள போலாமா?"

"போலாம் ஐயா. சுத்தமா இருக்கு. பாத்துட்டேன்."

"அப்ப நீங்க முதல்ல போங்கம்மா."

போனேன். முன்கூடத்தில் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் கையைக் காட்டி, "அந்த ஸ்விட்சப் போடுங்க" என்றார். டிடெக்டர் பூஜ்யம்தான் காட்டியது. இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் போட்டேன். விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகே அவர் படியேறினார்.

ஊரில் தோண்டிய எல்லாத் தெருக்களையும் சோதித்த பிறகே வாயு விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வாரியமும் அப்படியே உத்தரவிட்டது. சோதித்ததாகக் கம்பெனி பதில் அனுப்பியது. நான் போய்ப் பார்த்த தெருக்களில் குறை இல்லை. எல்லாத் தெருவுக்கும் நான் போகவில்லை. ஓர் ஆளால் போகவும் முடியாது.

இந்த வருஷம் ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கும் மஞ்சள் குழாய் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கேட்டார், "நாமளும் எடுத்துக்கலாமா? உனக்குத்தான தெரியும்."

"எடுத்துக்கலாம். சிலிண்டருக்கும் பயந்துதான ஆகணும்" என்றேன். "ஆனா தெருவுல யாராவது தோண்டுனா உடனே எனக்குச் சொல்லணும்."

போன வாரம் சொன்னார். நான் வத்திராயிருப்புப் பக்கம் இருந்தேன். கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்து பார்த்தபோது, ஜேசிபிக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பள்ளம் இருந்த இடத்தில் ஈர மண் மேடு.

"கேஸ் குழாய் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"மூடியாச்சு மேடம். ஒண்ணும் படல" என்றார், இறங்காமலே.

பையிலிருந்து டிடெக்டரை எடுத்து அந்த மண்ணின்மேல் வைத்தேன். அது எதுவும் சொல்லவில்லை. இன்று காலையிலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.