புதுவாயல் என்று ஒருவர் பஸ் ஏறிய கதை

ஆறு வருஷமாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில், நின்றுகொண்டே மூடி அடுக்கியவள் நான். ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை காலி என்று தெரிந்ததும், நேராகப் போய் அதைக் கேட்டேன்.

"இன்னாம்மா படிச்சிகிற?" என்றார் ஸ்டோர்ஸ் அதிகாரி.

"பன்னெண்டாவது சார். சி ப்ரோக்ராம் போன்ல பாத்துப் பாத்து நானே கத்துக்கினேன்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். "கம்பெனி பஸ்ல யாரு ஏறுறாங்க, எங்க எறங்குறாங்கன்னு டெய்லி லிஸ்ட் கையால எழுதி உசுரு போவுது. அத்த ப்ரோக்ராம்ல போட்டுக் காட்டு. புதங்கெழமைக்குள்ள சரியா வந்தா சீட்டு உனுக்கு. இல்லன்னா வெளியிலேர்ந்து டிப்ளமா ஆளு வரும்."

விட்டேனா? அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். பெயர் கேட்கும், இறங்கும் ஊர் கேட்கும், அடிப்பதை உள்ளே வாங்குகிற ஸ்கேன்எஃப் என்ற கட்டளை இரண்டையும் வாங்கிக்கொள்ளும். வீட்டில் என் பெயர், கணவர் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் அடித்துப் பார்த்தேன். சுத்தமாக வந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வரிசையில் நின்று அவரவர் பெயரை அடித்தார்கள். கீபோர்டைத் தடவித் தடவி எழுத்துத் தேடுகிறவர்கள், திரையை யார் பார்த்தார்கள்? இரண்டு மணிக்கு ஷிஃப்ட் விட்டதும் பஸ் டிரைவர் லிஸ்ட்டைக் கையில் எடுத்தார்.

"இன்னாம்மா இது? புதுவாயல்னு ஒருத்தரு ஏறி எஸ்ஸுன்ற ஊர்ல எறங்குறாராம். யாருமா அவரு?"

பஸ்ஸே சிரித்தது. என்னோடு பேக்கிங்கில் நிற்கிற பெண்தான் அடக்கமாட்டாமல் கத்தினாள்: "எங்க நைனாவோட இனிஷியல பஸ்ல ஏத்திட்டு, என்னை ஸ்டாப்பிங் ஆக்கிட்டியேக்கா!"

நானும் சிரித்தேன். பிறகு லிஸ்ட்டை வாங்கிப் பார்த்ததும் புரிந்தது. வீட்டில் யாராவது யாரையாவது இனிஷியலோடு கூப்பிடுவார்களா? கம்பெனியில் அடையாள அட்டையில் இருப்பதுபோல, முதலில் இனிஷியல், ஓர் இடைவெளி, பிறகு பெயர் என்று அடித்திருந்தார்கள். ஸ்கேன்எஃப் இடைவெளியைப் பார்த்ததும் நின்றுவிடும். இனிஷியலைப் பெயராக எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த பெயரை ஊராக எடுத்துக்கொண்டது. பிறகு அவர்கள் அடித்த ஊர், அடுத்த ஆளின் பெயராகிவிட்டது; அடுத்த ஆளின் இனிஷியல் ஊராகிவிட்டது.

அன்று ராத்திரியே மாற்றினேன். பெயரை முழு வரியாக வாங்க எஃப்கெட்ஸ் என்ற வேறொரு கட்டளை. ஊருக்கு எழுத்தே வேண்டாம், எண் போதும்: புதுவாயல் ஒன்று, கவரைப்பேட்டை இரண்டு, அத்திப்பட்டு மூன்று. எண்ணை மட்டும் ஸ்கேன்எஃப் வாங்கட்டும் என்று விட்டேன். ஓர் ஆள் பெயரை இனிஷியலோடு அடித்துப் பார்த்தேன், சரியாக வந்தது. தூங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நானே பக்கத்தில் நின்றேன். முதல் ஆள் ஒழுங்காகப் பதிந்தார். இரண்டாவதாக அதே பேக்கிங் பெண்.

"யக்கா, என் பேரையே கேக்கல. நேரா ஸ்டாப்பிங் கேக்குது!"

"உன் மூஞ்சப் பாத்ததுமே அதுக்குத் தெரிஞ்சிபோச்சிடி," என்றது வரிசை.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கும் கையாலதானா?"

"இன்னிக்குக் கையால எழுதிக்கோங்க சார். நாளைக்கு வரும்."

சொல்லிவிட்டேனே தவிர, பஸ்ஸில் போகும்போது பேஜாராகத்தான் இருந்தது. ஒரே ஆளை வைத்துச் சோதித்துவிட்டு இரண்டாவது ஆளை மறந்தவள் நான். புதுவாயலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். போன சவாரியில் வந்தவர் ஒருவர், இறங்காமல் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆட்டோ டிரைவர் அவரையும் புது ஆளாகச் சேர்த்து எண்ணிவிட்டு "ஆளு சேந்துடுச்சி" என்று வண்டியை எடுத்தார். அப்போதுதான் உறைத்தது. ஊர் எண்ணை அடித்துவிட்டு எண்டர் தட்டுகிறோம். ஸ்கேன்எஃப் எண்ணை மட்டும் எடுக்கிறது. எண்டர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அடுத்து வருகிற எஃப்கெட்ஸ் அந்த எண்டரைப் பார்த்து, வரி முடிந்தது, பெயர் வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறது.

வீட்டுக்குப் போய், எண் வாங்கிய கையோடு கெட்சார் என்ற கட்டளையை வைத்து, எண்டர் வரும்வரை ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வெளியே போடும்படி எழுதினேன். பெயரின் வால்பக்கம் எஃப்கெட்ஸ் ஒட்டிக்கொண்டு வருகிற எண்டரையும் வெட்டினேன். இந்தத் தடவை முப்பது பேரை அடித்தேன். இரட்டை இனிஷியல், மூன்று சொல் பெயர், எண்ணுக்குப் பின்னால் வேண்டுமென்றே இரண்டு இடைவெளி, எதையும் விடவில்லை.

புதன்கிழமை டிரைவர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒவ்வொருவரும் "கீறேன், கீறேன்" என்று ஏறினார்கள். புதுவாயல் ஊராகவே இருந்தது. பஸ் கிளம்பும்வரை அதிகாரி கதவோரமே நின்றார்.

"சரிம்மா. திங்கக்கெழமை ஸ்டோர்ஸுக்கு வந்துடு."

"வாயால சொன்னா பேக்கிங் சூப்பர்வைசர் உட மாட்டாரு சார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். நான் என்னுடையதை நீட்டினேன்.